காருக்குச் சாய்தளம், ஆளுக்குப் படிக்கட்டு

சக்கர நாற்காலியில் வாழ்கிறவருக்காகக் குறைந்த செலவில் வீட்டை மாற்றியமைப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு என் முதல் யோசனை: அவரை ஒரு கார் என்று அறிவித்துவிடுங்கள். அதற்குப் பிறகு செலவைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

காருக்காக நாம் என்னதான் செய்யவில்லை? அரை கிரவுண்டு மனையில் முன்னறையைச் சுருக்கிப் போர்டிகோ விடுகிறோம். கேட்டைப் பத்தடிக்கு வைக்கிறோம். சக்கரம் வழுக்கக் கூடாதென்று சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ் பதிக்கிறோம். வண்டியின் அடிவயிறு உரசாமல் இருக்க, மழைநீர்க் கால்வாயை மூடி, பொதுத் தெருவில் நாலடிக்குக் கான்கிரீட் சாய்தளம் போடுகிறோம். அதில் தடுக்கி விழுகிற கிழவியிடம் “பார்த்து வரக் கூடாதா பாட்டி” என்று கேட்கிறோம். அதே போர்டிகோவின் ஓரத்தில்தான் ஆட்கள் ஏறுவதற்கான படிக்கட்டு இருக்கிறது. கிரானைட் பதித்தது, ஓரம் உருட்டிப் பாலிஷ் போட்டது, ஒரு தூறல் விழுந்தால் ஆளைக் கவிழ்ப்பது.

அந்தப் படிகளை மேஸ்திரி எண்ணித்தான் வைப்பார். லாபம், நஷ்டம், லாபம். கடைசிப் படி லாபத்தில் முடிந்தாக வேண்டும். சாய்தளத்தில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. லாபமும் கிடையாது, நஷ்டமும் கிடையாது. ஆகவே வாஸ்து பார்ப்பவருக்கு அதில் வேலை இல்லை, வீட்டுக்காரருக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சரி, வாசல் ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது? அதைத் தெருவைத்தான் கேட்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று உத்தரவு உண்டு. உத்தரவு கோப்பில் இருக்கிறது, தார் தாரின் மேல் இருக்கிறது. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தெரு நாலு விரற்கடை வளர்கிறது, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. புது வீடு கட்டுகிறவர் இனி போடப்போகும் தாரையும் இப்போதே கணக்கில் சேர்த்து அடித்தளத்தை 2½ அடி, 3 அடிக்குத் தூக்கிவிடுகிறார். சக்கர நாற்காலிக்கான சாய்தளமோ ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும்; அதைவிடச் செங்குத்தாக இருந்தால் கையால் உருட்டி ஏறுகிறவரின் தோள்பட்டை தாங்காது, இறங்கும்போது நாற்காலி நிற்காது. இரண்டரை அடி உயரத்துக்கு 30 அடி நீளம். வீட்டுக்கு முன்னால் விட்டிருக்கும் இடம் 5 அடி. மிச்சத்தை நேராகக் கட்டினால் அது எதிர்வீட்டு ஹாலில் போய் முடியும். பக்கவாட்டில் மடக்கிக் கட்டலாமே என்றால், அங்கே சம்ப், மோட்டார், செப்டிக் டேங்க் மூன்றும் ஏற்கெனவே குடியிருக்கின்றன.

தெரு வளர்ந்து வீடு பள்ளத்தில் இறங்கிவிட்டால், அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து முழு வீட்டையும் மூன்று நான்கு அடி தூக்கிவிடுகிற வித்தை ஊருக்குள் வந்தாயிற்று. லட்சக்கணக்கில் ஆகும், செய்கிறார்கள். இரண்டு அங்குல நிலைப்படியை அறுத்து எடுக்கச் சொன்னால் மட்டும், “ஐயோ, அது லட்சுமி உட்காருகிற இடம்.” லட்சுமிக்கு உட்கார இடம் இருக்கிறது. உட்கார்ந்தபடியே வருகிற மனுஷிக்கு உள்ளே வர இடமில்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல சட்டம்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. ஏற்கெனவே நிற்கிற பொதுக் கட்டடங்களையெல்லாம் ஐந்து ஆண்டுக்குள் எல்லோரும் புழங்கும்படி மாற்ற வேண்டும் என்றது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்தது. முடிந்த செய்தி கட்டடங்களுக்கு இன்னும் எட்டவில்லை. மீறினால் முதல் தடவை அபராதம் 10,000 ரூபாய் வரை, அதாவது ஒரு திறப்பு விழாவின் பூச்செலவு. கட்டாயம் என்று சட்டம் சொன்னதை விதியானது வெறும் பரிந்துரையாக நீர்க்கவைத்துவிட்டது என்பதை ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லி, அந்த விதியைச் செல்லாதாக்கியது. மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை வகுக்கவும் சொன்னது. ஏழு வருடமாகப் பாலில் தண்ணீர் இருப்பதைக் கண்டுபிடிக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இத்தனையும் அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும்தான். தனி வீட்டு வாசல் வந்ததும் சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

முடியாத காரியம் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 2009-இல் முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கலைஞர் சக்கர நாற்காலிக்கு மாறினார். 2011 வரை அதில் அமர்ந்தபடியே இந்த மாநிலத்தை ஆண்டார், அதற்குப் பிறகும் கட்சியை நடத்தினார். மேடைக்குச் சாய்தளம் போடச் செலவாகும், இடமில்லை என்று எந்த மாவட்டச் செயலாளராவது அவரிடம் போய்ச் சொல்லியிருப்பாரா? பந்தல்காரருக்கு ஒரு ராத்திரி போதுமாயிருந்தது. அந்த ராத்திரி வேலையை அவருக்கு ஓட்டுப் போட்டவர்களின் வாசலில் செய்யச் சொன்னால்தான் நிதி நெருக்கடி வந்துவிடுகிறது.

நிதி விஷயத்தையும் பார்த்துவிடுவோம். நாற்காலி இலவசம். முகாமில், மேடையில், மாலையோடு, புகைப்படத்தோடு கிடைக்கும். அது உருளுவதற்கான தரை உங்கள் சொந்தப் பொறுப்பு. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். அதற்கு முன் 1,500. இன்றைய கூலிக்கு அந்த இரண்டாயிரத்தில் ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் ஒரு நாள் வருவார்கள். சிமெண்டு நீங்கள் வாங்கித்தர வேண்டும். அந்த மாதம் சாப்பிடவும் கூடாது. ஜி.எஸ்.டி. வந்தபோது சக்கர நாற்காலிக்கு 5 சதவீதம் வரி போட்ட கருணை, வழுக்காத டைலுக்கும் சாய்தளத்துச் சிமெண்டுக்கும் 28 என்று பெருகியது. சிமெண்டு வரி 18-க்கு இறங்க 2025 செப்டம்பர் வரை காத்திருந்தோம். வருமான வரியில் கழிவு உண்டு, 75,000 ரூபாய். கடுமையான பாதிப்பென்றால் 1,25,000. புதிய வரிமுறையைத் தேர்ந்தால் அதுவும் இல்லை. வரி கட்டுகிற அளவுக்கு வருமானமே இல்லாதவருக்கு எந்த முறையிலும் இல்லை. யாருக்குத்தான் அந்தச் சலுகை என்று கேட்காதீர்கள். பட்ஜெட் உரையில் வாசிக்க நன்றாக இருக்கும்.

இதெல்லாம் சொந்த வீடு உள்ளவர்களின் கவலை. வாடகைக்காரர் என்றால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது முதல் நிபந்தனை. காலண்டருக்கே ஆணி கூடாதென்கிற சுவரில், ஓர் ஆளின் எடையைத் தாங்கும் கைப்பிடிக்காக நான்கு போல்ட் இறக்க விடுவாரா ஹவுஸ் ஓனர்? டைல்ஸ் கீறும் என்பார். காலி செய்யும்போது எல்லாவற்றையும் பழையபடி ஆக்கித்தர வேண்டும் என்பார். பெயிண்டுக்கு ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பார். நாற்காலியைப் பார்த்த பிறகு வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டதாகச் சொல்லும் பண்பாளர்களும் உண்டு.

இப்போது கழிவறைக்கு வருவோம். வீட்டிலேயே மிகச் சிறிய அறை. ஒரு மனுஷனின் மானம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. நம் வழக்கப்படி அதற்கு இரண்டரை அடி நிலை. கட்டைகளின் கனம் போக உள்ளளவு 25 அங்குலம். சாதாரண நாற்காலியின் அகலமே 25 முதல் 27 அங்குலம். உருட்டுகிற கைவிரல்களைச் சேர்க்கவில்லை. ஆக, ஓர் அங்குலத்தில் ஒரு மனிதர் நிற்கிறார். கதவு உள்பக்கம் திறக்கும், திறந்தால் உள்ளே பாதி இடம் போச்சு. வாசலில் தண்ணீர் வெளியே வராமல் ஒரு கல் திட்டு. நாற்காலி ஒரு வட்டம் சுற்ற 5 அடி வேண்டும். அறையின் அகலமே 4 அடி.

இங்கே குடும்பங்கள் கண்டுபிடிக்கும் மலிவான வழி, கதவைக் கழற்றிவிட்டுத் திரை கட்டுவது. செலவு இருநூறு ரூபாய். நாற்பது வயதுப் பெண் ஒரு துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் டி.வி. ஓடும். அதைவிட மலிவான வழியும் ஒன்று உண்டு, காசே ஆகாது: தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது. தூக்கிவிட மகனோ தம்பியோ வேலை முடிந்து வரும்வரை தாகத்தை அடக்கிக்கொள்கிற பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மூத்திரத் தொற்று வரும். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு அது சிறுநீரகம் வரை ஏறும். நாலு அங்குலம் செங்கல்லை உடைக்கத் தயங்கிய வீடு, பிறகு ஆஸ்பத்திரிக்கு நகையை விற்கும். அவர் போன பிறகு மட்டும், ஐஸ் பெட்டி உள்ளே நுழையவில்லை என்று கதவைக் கழற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது. அப்போது யாரும் லட்சுமியைக் கேட்பதில்லை.

சாய்தளத்துக்கும் அகலமான கதவுக்கும் செலவாகும் என்று பேசும்போது, படி ஏதோ மலையைப் போல இயற்கையாக முளைத்தது என்பது போலவே பேசுகிறோம். ஒவ்வொரு படியும் யாரோ செங்கல், எம்.சாண்ட், கிரானைட், கூலி என்று காசு கொடுத்துக் கட்டியது. குறுகலான நிலையை ஆசாரியிடம் அளவு சொல்லிச் செய்துவாங்கினோம். முதலில் காசு போட்டு ஆளை வெளியே தள்ளிவிட்டு, உள்ளே விடுவதற்கான செலவை மட்டும் அவர் தலையில் கட்டுவதற்குத்தான் பட்ஜெட் என்று பெயர்.

உடனே செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. கழிவறைக் கதவை வெளிப்பக்கம் திறக்க வைப்பது, அல்லது சுவரோடு நகரும் கதவாக மாற்றுவது. கல் திட்டை உடைத்துத் தரையின் வாட்டத்தைத் தண்ணீர்க் குழியை நோக்கித் திருப்புவது. மருத்துவச் சாமான் கடையில் கைப்பிடியின் விலை கேட்டு மயங்காமல், வெல்டிங் பட்டறையில் எஸ்.எஸ். பைப்பை வளைத்து வாங்குவது. ஆனால் போல்ட் பூச்சில் நிற்காமல் செங்கல்லுக்குள் இறங்கியிருக்க வேண்டும். சுவிட்சைக் கைக்கு எட்டும்படி இறக்குவது. இவற்றுக்கு வாஸ்து நிபுணர் தேவையில்லை.

வீடு கட்டத் தொடங்கியிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலையில் ஆசாரியைக் கூப்பிட்டு, கழிவறை நிலையை மூன்றடியாக வைக்கச் சொல்லுங்கள். எதற்கு இவ்வளவு அகலம் என்று கேட்டால், வயதான காலத்தில் எனக்கு வேண்டும் என்று சொல்லுங்கள். முன்வாசலில் எத்தனை படி என்று மேஸ்திரி கேட்க வரும்போது, காருக்குப் போட்ட சாய்தளத்தைக் காட்டி, அதையே வாசல் வரை கொண்டுவர வழி பார்க்கச் சொல்லுங்கள்.