வெறும் வயிற்றோடு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: கல்வராயன் மலையில் ஒரு சர்க்கரை நோயாளி
பெறுநர்: சர்க்கரை நோய்ச் சேவைக்காக அடுத்த கூட்டம் போடப்போகும் அதிகாரிகள்
பொருள்: எங்களையும் ஒரு வார்த்தை கேட்கும்படி வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

மலையில் ஏது சர்க்கரை நோய் என்று நீங்கள் வியக்கலாம். சாமையும் தினையும் தின்றவரை எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு ரேஷன் அரிசி மலையேறியது. போன முறை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கையில் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார்கள்: அரிசியைக் குறைத்துச் சிறுதானியம் சாப்பிடவும், தினமும் அரை மணி நேரம் நடக்கவும். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறீர்கள். பஸ் நிற்கிற இடத்துக்கு வரவே நான் ஒன்றரை மணி நேரம் நடக்கிறேன்.

அதுவும் வெறும் வயிற்றோடு. காலையில் ஒன்றும் தின்னாமல் வரச் சொல்லி உத்தரவு. கருக்கலில் கிளம்பி, வெள்ளிமலையில் பஸ் பிடித்து, கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிற கச்சிராயபாளையம் வழியாக (சர்க்கரை பார்க்கப் போகிறவனுக்கு இதைவிட நல்ல சகுனம் ஏது?) கீழே ஆஸ்பத்திரி சேர்வதற்குள் வெறும் வயிறு ஏகாதசி விரதமாகிவிடும். ரத்தம் கொடுத்து, இட்லி தின்று, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடி கொடுக்க வேண்டும். காத்திருந்தால் பஸ் போய்விடும். அதனால் என் நோட்டில் 'சாப்பிட்ட பின்' என்ற கட்டம் காலி. 'ஒத்துழைப்பு இல்லை' என்று பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். பஸ்ஸுக்கென்று அந்த நோட்டில் கட்டம் இல்லை.

மூன்று மாதச் சராசரி காட்டுகிற எச்பிஏ1சி சோதனைக்கு வெறும் வயிறு வேண்டாம், எந்த நேரமும் ரத்தம் எடுக்கலாம். மலையிலிருந்து இறங்குகிறவனுக்கு முதலில் அதை எழுதினால் என்ன? எனக்கு இது பஸ்ஸில் தோன்றியது. உங்களுக்கு ஜீப் இருப்பதால் தோன்றவில்லை போலும்.

இன்சுலினை பிரிட்ஜில் வைக்கச் சொன்னீர்கள். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மணலில் பானை புதைத்து அதற்குள் வைக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஊர்ப் பாட்டி. பயணப்படி கேட்காத ஆலோசகர்.

நன்றி கெட்டவன் என்று நினைக்க வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5இல் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அதே வழியில் ஒரு கேள்வியும் ஏறி வந்தால் போதும். மருத்துவத்தைத் திட்டமிடுவதில் பங்கெடுப்பது மக்களின் உரிமை மட்டுமல்ல, கடமையும் என்று 1978இல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் அறிவித்தன. உரிமையை விடுங்கள். இத்தனை வருடமாகக் கடமை தவறியவர்களாக அல்லவா எங்களை வைத்திருக்கிறீர்கள்?

ஆகவே, அடுத்த கூட்டத்தை வெள்ளிமலையில் நடத்தும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அனைவரும் காலையில் ஒன்றும் தின்னாமல் பஸ்ஸில் வரவும். பிஸ்கட் உண்டு, இரண்டாவது ரத்தம் எடுத்த பிறகு.

இப்படிக்கு,
ஒத்துழைக்காத நோயாளி

நகல்: கடைசி பஸ் கண்டக்டர் அவர்களுக்கு, அன்று ஒரு பத்து நிமிடம் பொறுத்து எடுக்கும்படி.