சருகுக்குத் தீ வைக்கும் மருமகனுக்கு

என்ன மருமகனே, விடிஞ்சும் விடியாம வாசல்ல புகை மண்டுது? கொசுவுக்கா? ஓ, சருகைக் கொளுத்துறியா! பேஷ். மாசி பொறந்ததும் வேப்பமரம் ஒரு பைசா கேக்காம உதிர்த்துவிட்டதை ஒண்ணு விடாமக் கூட்டித் தீ வச்சுட்டு, குளிச்சு முழுகி, போன்ல அஞ்சு கிலோ தென்னைநார்க் கட்டிக்கு ஆர்டர் போடுவ. அதுவும் வீடு தேடி வந்து இறங்கும். ஒன்னைப் படிக்க வைக்க எங்கக்கா கம்மலை அடகு வச்சது வீண்போகல.

கோவிச்சுக்காத. போன போகிக்கு நான் ஒரு கிழிஞ்ச பாயைக் கொளுத்தினப்போ, 2016-ல வந்த திடக்கழிவு விதியில குப்பையத் தெருவுல எரிக்கக் கூடாதுன்னு போட்டிருக்குன்னு எனக்கு வாசிச்சுக் காட்டினது யாரு? அந்த விதி பாய்க்கு மட்டும்னு நான் நெனச்சுக்கிட்டேன் போல.

இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராப் போயி, சருகை மண்ணு மேல பரப்பி மூடாக்குப் போடுங்கய்யான்னு கத்தினாரு. 2013 கடைசியில அவரு கண்ணை மூடினப்போ பேஸ்புக்ல அவரு படத்தைப் போட்டு முதல்ல அழுதவன் நீதான். அவரு சொன்னதைச் செய்யத்தான் ஒனக்கு நேரம் வாய்க்கல. அந்தத் தண்ணியை எடுத்து ஊத்து நெருப்புல. மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்துவோம்.

அள்ளுறதுன்னா காலையில, பனி ஈரம் காயறதுக்குள்ள அள்ளணும். வெயில் ஏறினா பாதி நொறுங்கிப்போகும், மீதியைக் காத்து அடுத்த வீட்டுக்காரனுக்குக் குடுத்துரும். வேம்பு, புங்கு, பூவரசு எல்லாம் தங்கம். மா, பலா, தேக்கு, வாதாம் இலை தடிச்ச தோல். அதுகளைச் சாக்குல போட்டு நல்லா மிதி. இல்லாட்டி வருசம் திரும்பியும் அப்படியே முழிச்சுப் பார்க்கும். தைலமரத்து இலை வேண்டவே வேண்டாம், அதுல இருக்கிற எண்ணெய் நாத்து முளைக்க விடாது. ரோட்டோரத்துல அள்ளினா பாக்குப் பொட்டலத்தையும் பாட்டில் சில்லையும் பொறுக்கிப் போடு. ரிசர்வ் காட்டுப் பக்கம் போயிராத, சட்டத்துல இலையும் வனப்பொருள்தான். அங்க உதிர்றது காட்டுக்கே வேணும். அப்புறம் பள்ளிக்கூடத்துத் திடல்ல நிக்குதே தூங்குமூஞ்சி மரம், அந்தச் சருகும் வேண்டாம். ஏன்னா, வேண்டாம். ஒனக்கு ஒத்துவராது.

அள்ளினதை மக்க வைக்க, நிழல்ல நாலு குச்சியை ஊனி, பழைய கம்பிவலையைச் சுத்திக் கட்டு. நாலடி அகலம் போதும். ஒரு கூடை கொட்டு, தண்ணி தெளி, ஏறி மிதி, மறுபடி கொட்டு. இருந்தா நடுநடுவே கொஞ்சம் சாணிக் கரைசல். வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் குவிக்காத, கரையான் நேரா நிலைக்கதவுக்கு வந்து கதவைத் தட்டும்.

அதுக்கப்புறம் ஒனக்குக் கைவந்த வேலை: சும்மா இருக்கிறது. எருக்குழி சூடாகும், இது சூடாகாது. கையை விட்டுப் பார்த்துட்டு, மாமா குவியல் செத்துப்போச்சுன்னு ஓடி வராத. இங்க வேலை பார்க்கிறது பூஞ்சாணம். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு கொத்துச் சருகைப் பிரிச்சுப் பாரு. இலைக்கும் இலைக்கும் நடுவுல சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் ஓடியிருக்கும். இலையோட நரம்பு மட்டும் நிக்கும், சதை கறுத்துக் குழைஞ்சு போயிருக்கும். அதைப் பார்த்து நோவு வந்துருச்சுன்னு மருந்துக் கடைக்கு ஓடிராத; அந்த நூல்தான் ஒன் கூலியாள். அதுக்குக் கூலி ஈரம் மட்டுந்தான். கைப்பிடி அள்ளிப் பிழிஞ்சா உருண்டையா நிக்கணும், தண்ணி சொட்டக் கூடாது. காய்ஞ்சா அவனும் படுத்துருவான். மாசத்துக்கு ஒரு தடவை புரட்டு. கையை விடுறதுக்கு முந்தி குச்சியால கிண்டு. உள்ள பூரானோ விரியனோ குடியிருந்தா சொல்லிக்கிட்டு வராது.

மாசி பங்குனியில குவிச்சது ஐப்பசி மழைக்குள்ள பாதி மக்கியிருக்கும். மூடாக்குக்கு அந்தப் பக்குவம் போதும். பொடிப்பொடியா, மழை பேஞ்ச மண்ணு வாசத்தோட வேணும்னா அடுத்த வருசம் வரைக்கும் பொறு. குவியல் கால்வாசியா வத்திப்போச்சே, எவன் திருடினான்னு என்னைப் பார்க்காத. அது அப்படித்தான் அமுங்கும்.

இன்னொண்ணு, இதைப் போட்டா கத்திரி காய்ச்சுத் தொங்கும்னு எவனாவது சொன்னா நம்பாத. மரம் ஒன்னைவிட விவரம். உதிர்க்கிறதுக்கு முந்தியே இலையில இருக்கிற தழைச்சத்தையும் மணிச்சத்தையும் முடிஞ்ச மட்டும் கிளைக்குள்ள இழுத்துக்கிட்டு, சக்கையைத்தான் நமக்குத் தள்ளும். சாணி எருவை இதோட சேர்த்துத்தான் போடணும். ஆனா தண்ணியைப் பிடிச்சு வைக்கிறதுலயும் மண்ணைப் பொலபொலன்னு ஆக்குறதுலயும் இதை மிஞ்ச ஆளில்ல. ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஓஸைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறியே, சித்திரை வெயில்லயும் அது குறையும்.

பாத்திக்கு முதல்ல தண்ணி விடு, பிறகு நாலு விரக்கடை கனத்துக்குப் பரப்பு. மேல போர்த்தணும், உள்ள புதைக்கக் கூடாது. மக்காத சருகை மண்ணுக்குள்ள கிளறிவிட்டா, அது மக்குறதுக்குச் செடியோட தழைச்சத்தையே பிடுங்கிக்கும். செடித் தண்டை ஒட்டிக் குவிச்சாலும் கழுத்து அழுகும். கன்னுன்னா ஒரு சாண் தள்ளிப் போடு.

என்னது? தூங்குமூஞ்சிச் சருகு எதுக்கு ஆகாதுன்னா? இவ்வளவு சொல்லியும் அதை மறக்க மாட்டேங்கிறியே. சரி, கேட்டுத் தொலை. இலை பொடிசு, மிதிக்க வேண்டாம். அவரை, பயறு இனத்து மரம், அதனால தழைச்சத்துக் கூடுதல். மத்ததுக்கு முந்தி மக்கிரும். வாத்தியார்கிட்ட சொல்லி வச்சு வருசாவருசம் அதை அள்ளுறது நான். இனிமே மறைச்சு என்ன? பங்குக்கு வா. கூட்டுறது நீ, சாக்குல திணிக்கிறது நீ, தூக்குறதும் நீ. எந்தச் சாக்கு யாருக்குங்கிறதை மட்டும் மாமன் பார்த்துக்கிறேன்.