தொப்பை பாத்த சினிமா

வாடா பேராண்டி. தாலி கட்டுற நேரத்துல கெட்டிமேளம் கொட்டுது, நீ மட்டும் மேடையோரமா குனிஞ்சு பேட்டரி மாத்திக்கிட்டு இருந்தியாமே? ஐயரு மந்திரத்தை இழுத்து இழுத்துச் சொல்லி உனக்காகச் சமாளிச்சாருன்னு ஊரே சிரிக்குது. இனிமே முகூர்த்தத்துக்குப் பஞ்சாங்கம் எதுக்கு? உன் கேமராவுல எத்தனை கோடு மிச்சமிருக்குன்னு பாத்துக் குறிச்சுக்கலாம்.

என் யாஷிகா 635-க்கு பேட்டரியே கிடையாது. சுருளுக்கு 12 படம், அதுக்கு மேல கேட்டா பொண்ணு வீட்டுக்காரன் துட்டை எண்ணி வைக்கணும். உன்னோடது அப்படியா? பழைய டிஎஸ்எல்ஆர்ல உள்ளே ஒரு கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்பிவிடும், நீ ஓசியில பாத்தே. அந்தக் கண்ணாடியத்தான் பிடுங்கிப்புட்டானுகளே! இப்ப நீ பாக்கறது பூரா சென்சார் பிடிச்சு, பிராசசர் கணக்குப் போட்டு, குட்டித் திரையில காட்டுற சினிமா. நீ பட்டனை அமுக்காம வாயைப் பொளந்து நின்னாலும் படம் ஓடிக்கிட்டே இருக்கும்.

2017-ல கண்ணாடியோட வந்த நிக்கான் டி850-க்கு ஒரு சார்ஜுல 1,840 படம்னு போட்டான். மறுவருசம் அதே ஜாதி பேட்டரியோட கண்ணாடியில்லாம வந்த இசட்7-க்கு 330. பேட்டரி இளைக்கலடா, வேலை கூடிப்போச்சு. சோனிக்காரன் வேற வழி பாத்தான். 2013-ல ஏ7-க்கு 340-ன்னு போட்டவன், 2018-ல ஏ7 மூணாம் மாடலுக்குப் பேட்டரியவே ரெண்டு மடங்குக்கு மேல பெருக்கி 710-ன்னான். கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதே. நீ பிரிக்காமலே பரண்ல போட்ட புத்தகத்தையெல்லாம் படிக்க வீட்டுல ஒருத்தன் வேணும்ல?

அந்த எண்ணை வச்சுக்கிட்டுக் கடைக்காரன்கிட்ட மல்லுக்கு நின்னியாமே! அது சிபாங்கிற ஜப்பான் சங்கத்தோட சோதனைக் கணக்கு. 30 செகண்டுக்கு ஒரு படம், பத்துப் படத்துக்கு ஒருக்கா அணைச்சுப் போடுவாங்க. அப்ப 330 படம்னா ரெண்டே முக்கா மணி நேரத்துக் கூத்து, அவ்வளவுதான். முழிச்சிருக்கிற நேரத்தை எண்ணணும், படத்தை எண்ணி என்ன பிரயோசனம்? சரசரன்னு சேத்து அமுக்குனா அதே பேட்டரியில ஆயிரத்தைத் தாண்டிடலாம். மாப்பிள்ளை கார் வருதா வருதான்னு ஆன்லயே வச்சுக்கிட்டு நின்னா நூறுலயே படுத்துரும்.

இன்னொரு கூத்து இருக்கு. கேமராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் பந்தியில இலை பாத்து நின்னியே, வியூபைண்டர் பக்கத்துல ஒரு சின்ன சென்சார் இருக்கு. எது கிட்ட வந்தாலும் அதைக் கண்ணுன்னு நெனச்சு உள்திரையை எரியவிடும். ரசம் வர்ற வரைக்கும் சினிமா பாத்தது உன் தொப்பைடா. டிக்கெட் காசு மட்டும் பேட்டரி கட்டுச்சு!

போனோட பேசற புளூடூத்து, வைஃபை, நீ தொடறதுக்கு முந்தியே ஃபோகஸ் தேடி அலையற வசதி, எல்லாத்தையும் அணை. ஒவ்வொரு படத்துக்கும் தலையைக் குனிஞ்சு ரசிக்கறதையும் விடு. உன் படத்தை ரசிக்க ஊர்ல வேற ஆளா இல்ல? சல்லிசாக் கெடைக்குதுன்னு போலி பேட்டரி வாங்காதே. உள்ளேயே உப்பிக்கிட்டு வெளிய வராம அடம்பிடிக்கும்.

மார்கழியில கொடைக்கானல்ல அவுட்டோராமே? மாத்துப் பேட்டரியை உள்சட்டைப் பையில வை. குளுருல லித்தியம் சுணங்கும், ஒடம்புச் சூடு பட்டா கொஞ்சம் தேறும். நெறஞ்சது இடது பை, தீந்தது வலது பை. சோத்துக்கை எதுன்னு ஞாபகம் இருக்குல்ல?

மறுவீட்டுக்கும் உன்னையத்தான் சொல்லியிருக்காங்க. பொண்ணோட அத்தைக்காரி ஒரே ஒரு நிபந்தனை போட்டா: சார்ஜர் சொருகறதுக்காக மிக்சி பிளக்கைப் பிடுங்கக் கூடாதாம்.