மென்டர் அண்ணன்

மாணவர் ரோபோ அணி ஒன்று எந்த ஊரில் முளைத்தாலும் அதற்கு முந்தின நாளே ஒரு மென்டர் அண்ணன் முளைத்திருப்பார். பெரணமல்லூர்ப் பக்கத்து அண்ணன் டிப்ளமோ முடித்தவர். வாரநாட்களில் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமையானால் முதுகுப்பையில் மல்டிமீட்டரோடு பஸ்ஸிலிருந்து இறங்குவார்.

இறங்கியதும் பதவிப் பிரமாணம் நடக்கும். ஒன்பதாவது படிக்கும் பெண் கேப்டன். ஒருவன் புரோகிராமர், ஒருவன் டிரைவர், ஒருத்தி டாக்குமென்டேஷன். மிச்சமிருக்கும் பையன் மனம் நோகக்கூடாதே என்று 'டெக்னிக்கல் ஹெட்'. "இது உங்க ரோபோ. நான் எதையும் தொட மாட்டேன்" என்று அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் ஸ்க்ரூடிரைவர் அவர் கைக்குப் போயிருக்கும். அதற்கப்புறம் டெக்னிக்கல் ஹெட் செல்போன் டார்ச் பிடிப்பான். புரோகிராமர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆடாமல் அழுத்திக்கொள்வான். கேப்டனின் தலைமைப் பண்பு, பெஞ்சுக்கடியில் உருண்டோடிய நட்டைத் தேடுவதில் வெளிப்படும்.

"அண்ணே, மோட்டார் வயர் தலைகீழா..."

"இரு கண்ணு, இதுல ஒரு லாஜிக் இருக்குது."

ரோபோ பின்பக்கமாகப் போய்ச் சுவரில் முட்டும்.

"பாத்தியா, வயரை மாத்தணும்னு சொன்னேன்ல!" என்பார் அண்ணன்.

நம்மூருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது. அமெரிக்காவில் டீன் கேமன் 1989-இல் தொடங்கிய 'ஃபர்ஸ்ட்' அமைப்பின் போட்டிகளிலும் ரோபோவைச் செய்தது பிள்ளைகளா, பெரியவர்களா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் ஆட்டம் தொடங்கிவிட்டால் அங்கே ஓட்டுவது மாணவர்தான். பெரியவர் ஒருவர் கோச்சாகப் பக்கத்தில் நிற்கலாம், ஓட்டும் கருவியைத் தொடக்கூடாது. நம் அண்ணனை நிறுத்தினால் கையைப் பிடித்துக்கொள்ள இன்னும் இரண்டு பேர் வேண்டும். சிறந்த மென்டருக்கு வுட்டி ஃபிளவர்ஸ் பெயரில் 1996 முதல் விருதும் தருகிறார்கள். பரிந்துரை எழுத வேண்டியவர்கள் மாணவர்கள். நட்டுத் தேடிய கேப்டன் என்ன எழுதுவாளோ!

இங்கே 2016-இல் வந்த அடல் டிங்கரிங் லேப் திட்டம், தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தன்னார்வ மென்டரிடம் அது கேட்பது வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம். அண்ணன் ஆறு மணி நேரம் தருவார்: ஒன்று பிள்ளைகளுக்கு, ஐந்து ரோபோவுக்கு.

போட்டியன்றுதான் அவருக்குக் கண்டம். நடுவர் கேப்டனைப் பார்த்து, "புரோகிராம்னா என்னம்மா?" என்கிறார். பார்வையாளர் வரிசையில் அண்ணனின் உதடு அசைகிறது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "எங்க தாத்தா தறியில ஜக்கார்டு அட்டை ஓடும் சார். ஓட்டை இருந்தா இழை மேல தூக்கும், இல்லாட்டி தூக்காது. அட்டையை மாத்தினா அன்னம் போய் மாங்கா வரும். இங்க அட்டைக்குப் பதிலா கோடிங், அவ்ளோதான்." அந்த அட்டை ஓடுவது 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் செய்த தறிப்பெட்டியில், பின்னால் கணினிக்கும் துளையட்டை வந்த வழி அதுவே. ஆரணிப் பட்டு நெய்யும் வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்த அண்ணனுக்கு இது தோன்றியதே இல்லை. நடுவர் நகர்ந்ததும் பக்கத்திலிருப்பவரிடம், "நான் சொல்லிக்குடுத்ததுதான்" என்கிறார்.

அதற்காக அவரை விரட்டிவிடாதீர்கள், பிள்ளைகளே. முகூர்த்தச் சேலை ஆர்டர் நெருக்கும்போது, "ஞாயித்துக்கிழம தார் சுத்த ஆள் வேணும், ரோபோவாவது ஒண்ணாவது" என்று கேப்டனின் அப்பா கதவடைப்பார். வாசலில் நின்று பேசிப் பேசி அவளை அழைத்து வருபவர் அண்ணன்தான். வேன் பேசுவதும், பேட்டரிக்காகக் கடை கடையாக ஏறி நன்கொடை கேட்பதும், தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்குவதும் அவரே. அவருடைய வாயும் காலும் அணிக்கு அவசியம். கைக்கு மட்டும் வழி செய்யுங்கள்: லேபுக்குள் நுழையும்போதே கைக்கொன்றாக இரண்டு டீ கிளாஸைக் கொடுத்துவிடுங்கள்.