மின்வாசிப்புக் கருவி ஆயுதமா, புத்தகமா? இரும்புலியூர் வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

அச்சு நூல் உயர்ந்ததா, மின்னூல் உயர்ந்ததா என்னும் பூசலில் இதுகாறும் வந்த கட்டுரைகள் எல்லாம் கண்வலி, காகித வாசனை, வெட்டப்படும் மரம் ஆகிய மூன்று துறைகளில் அடங்கிவிடுகின்றன. நவராத்திரியின் ஒன்பதாம் நாள் கிண்டிலை எங்கே வைப்பது என்ற அடிப்படைக் கேள்வியை ஆய்வுலகம் தொட்டதே இல்லை.

ஆய்வுக் களமாகச் சென்னைத் தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூர் கொள்ளப்படுகிறது. காரணம் உண்டு. ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து மதுரவாயல் பைபாஸ் பிரியும் ஊர் இது. அன்றைக்கு இங்கே சாலையோரத்து லாரி, ஷேர் ஆட்டோ, ஸ்பேனர் அனைத்துக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும், வாசலில் பூசணிக்காய் உடையும். வீட்டுக்குள்ளோ பட்டுத்துணி விரித்த பலகையில் பாடப் புத்தகங்கள் அடுக்கப்பட்டிருக்கும். வெளியே ஆயுத பூஜை, உள்ளே சரஸ்வதி பூஜை. கிண்டில் நடையில் நிற்கிறது.

மற்ற ஒப்பீடுகளை முதலில் விரட்டிவிடலாம். எடை: பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களும் உள்ளே போன பிறகும் கருவி அதே ஏறத்தாழ 200 கிராம்தான். வாசனை: இல்லை. பூச்சி: கரையானும் இராமபாணமும் அச்சு நூலுக்கே வாக்களிக்கின்றன. பயணம்: 1931 முதல் மின்சார ரயில் ஓடும் தாம்பரம்–கடற்கரைத் தடத்தில், காலை நெரிசலில் ஒரு கையால் கைப்பிடியைப் பற்றி, மறு கையின் கட்டைவிரலால் பக்கம் புரட்டக் கருவியில்தான் முடியும். இரவல்: இதற்கெனத் தனி இயலே எழுதப்பட்டது, ஒருவர் வாங்கிப் போயிருக்கிறார்.

வரலாறும் சுருக்கமே. தமிழ் எழுத்தில் முதல் நூல் 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைக் கணினிக்கு ஏற்றத் தொடங்கியது. 2016 டிசம்பரில் கிண்டில் கடையில் தமிழுக்கு முறையாக இடம் கிடைத்தது. இடையே டிஸ்கி, டாப், டாம் என்ற குறியேற்றங்கள் ஒன்றின் எழுத்து மற்றொன்றில் குளறுபடியாகத் தெரிய, வடகலை தென்கலைக்குச் சமமாகச் சண்டையிட்டன. பிறகு யூனிகோடு வந்து கட்சிகளைக் கலைத்தது.

இனி பொருளுக்கு வருவோம். அரசின் நிலை ஐயத்துக்கு இடமற்றது. (இங்கே ஜி.எஸ்.டி. என்பது சாலையன்று, வரி.) அச்சிட்ட நூல் வரிப்பட்டியலின் 49ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது, வரி கிடையாது. மின்வாசிப்புக் கருவியோ 85ஆம் அத்தியாயத்தில், மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் குடியிருக்கும் தெருவில் இருக்கிறது. வரி 18 விழுக்காடு. ஆகவே அது ஆயுதம் என்கிறார் இரும்புலியூர் உரைகாரர்.

பெருங்களத்தூர் உரைகாரர் இதை மறுப்பர். கருவி வேறு, அதனுள் உறையும் நூல் வேறு என்பது அவர் கொள்கை. 2018 ஜூலையில் மின்னூலுக்கான வரி 18-இலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டதை அவர் சான்று காட்டுகிறார். ஆனால் அந்தச் சலுகை, அச்சுப் பதிப்பும் உள்ள மின்னூலுக்கு மட்டுமே. அச்சையே காணாத மின்னூலுக்குப் பழைய 18தான். உடல் எடுத்த உயிருக்கு 5, உடல் எடுக்காத உயிருக்கு 18 என்ற இத்தத்துவத்தைச் சைவ சித்தாந்திகள் இன்னும் கவனிக்காதது வியப்பே.

உண்மையான சிக்கல் சந்தனத்தில் தொடங்குகிறது. புத்தகத்துக்கு அட்டையில் பொட்டு வைக்கலாம். கருவிக்கு எங்கே? திரையில் வைத்தால், ஈரச் சந்தனம் மின்சாரத்தைக் கடத்தும். தொடுதிரை அதை விரல் என்று மயங்கிப் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். பூஜையில் வைத்த நூலை மறுநாள் விஜயதசமிவரை படிக்கக் கூடாது என்பது விதி. அப்படியானால் அன்று படித்தது யார்? சந்தனம் படித்தது என்பர் ஒரு சாரார். பக்கம் புரட்டுவது வேறு, படிப்பது வேறு, இல்லையேல் தேர்வுக்கு முந்தின இரவு மாணவர் அனைவரும் படித்தவராவர் என்பர் மறுசாரார். இந்த இரண்டாம் கருத்து முடிச்சூர்க் குறிப்புரையின் மூன்றாம் அடிக்குறிப்புக்குக் கீழே பென்சிலால் காணப்படுகிறது. அப்பென்சில் உரைகாரருடையதன்று, அவர் மைத்துனருடையது என்பார் சேலையூர்ப் பதிப்பாசிரியர். மைத்துனருக்கு எழுத்தறிவு உண்டா என்பது குறித்துச் சேலையூர்ப் பதிப்பின் இரண்டாம் பிற்சேர்க்கை முழுவதும் விவாதிக்கிறது, முடிவு சொல்லவில்லை.

கருவியை முதலில் தூங்க வைத்துவிட்டுப் பொட்டு வைப்பதே உத்தமம். அது யோக நித்திரை என்று கொள்ளத்தகும். மின்மைத் திரையில் கறுப்பு வெள்ளைத் துகள்கள் நகரும்போதுதான் மின்சாரம் செலவாகும். நின்ற படம் மின்சாரமின்றியே நிற்கும். ஆகவே தூங்கும் கிண்டில் பத்து விளக்கேற்றினாலும் கலையாமல், நூல் அட்டையைக் காட்டியபடி பலகையில் வீற்றிருக்கும். சரஸ்வதி படத்தைக் காட்டும் கருவிக்கு மாலை இடலாமா என்பதைச் சமயவாணர்கள் தீர்க்கட்டும்.

அடுத்த இடர் பெரிது. கருவி பலகையில் இருக்கும்போதே, அதே நூலை, விட்ட பக்கத்திலிருந்து, கைப்பேசியில் தொடரலாம். பூஜையில் இருப்பது எது, கையில் இருப்பது எது? இரும்புலியூரில் இது மதில்மேல் பூனை.

உடைமையும் ஆராயத்தக்கது. 2009 ஜூலையில், வெளியிட்டவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், அமேசான் ஆர்வெல்லின் '1984' பிரதிகளை வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அழித்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அமெரிக்க மாணவர் ஒருவர் எழுதிவைத்திருந்த குறிப்புகள் அதனால் பயனற்றுப்போக, அவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனம் 1,50,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. இரவல் வாங்கியவர் திருப்பித் தராதது அச்சு நூலின் குறை. விற்றவரே எடுத்துப் போவது மின்னூலின் குறை. இரண்டாவதில் பணமாவது வந்தது.

அச்சிலும் சேராமல், மின்னிலும் சேராமல் மூன்றாம் இனம் ஒன்று உண்டு: கருத்தரங்கக் கோவை. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்காக அச்சாகி, பதவி உயர்வு விண்ணப்பத்தோடு இணைக்கப்பட்டு, துறைத் தலைவரின் பீரோவில் கட்டுப் பிரியாமல் வாழ்வது. சரஸ்வதி பூஜையன்று படிக்கக் கூடாது என்ற விதியை ஆண்டு முழுவதும் கடைப்பிடிக்கும் நூல் அது ஒன்றே. ஆகவே பலகையில் முதலிடம் அதற்கே.

கிண்டிலுக்கு இரண்டாமிடம், பொட்டு பின்புறம். சார்ஜர் வாசலுக்குப் போகட்டும், ஸ்பேனருக்குப் பக்கத்தில். வீட்டில் உள்ள சார்ஜர்களில் எது கிண்டிலுடையது என்பது கட்டுரையின் இரண்டாம் பகுதியில்.