கோடையில் காணாமற்போகும் நத்தை

கேள்வி: மாரி தொடங்கினால் வாவிக்கரை வளவெல்லாம் நத்தை. கோடையில் ஒன்றையும் காணோம். எங்கே போய்த் தொலைகின்றன?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: எங்கும் போகவில்லை. உங்கள் வளவு மண்ணுக்குள்ளேயே, ஓட்டின் வாயைச் சவ்வால் அடைத்துவிட்டு உறங்குகின்றன. ஐப்பசி மழை விழுந்ததும் எழும்பி நேரே பப்பாசிக் கன்றுக்குத்தான் வரும். இது ஆபிரிக்க இராட்சத நத்தை. 1900 அளவில் இலங்கைக்கு வந்து, பிரஜாவுரிமை கேட்காமலே குடியேறிவிட்டது. ஒவ்வொன்றும் ஆணும்தான், பெண்ணும்தான். சீதனப் பேச்சே இல்லை! ஒருமுறை கூடினால் மாதக்கணக்கில் முட்டையிடும். வளர்ந்த நத்தை ஒரு தடவையில் 100-க்கு மேலும் இடும். கல்லைப் புரட்டி ஈரமண்ணைக் கிளறுங்கள், வெளிர்மஞ்சள் மணிகளாகக் கிடக்கும். அவற்றையும் அழியுங்கள். நத்தையை வெறுங்கையால் தொடாதீர்கள். மூளையைத் தாக்கும் புழு அதன் உடலில் இருக்கலாம்.