வீட்டோடு மாப்பிள்ளை

எங்கள் வீட்டில் ஒரு வீட்டோடு மாப்பிள்ளை இருக்கிறார். 2012 தீபாவளிக்கு முந்தின வாரம் வந்து சேர்ந்தார். அச்சடிப்பார், நகலெடுப்பார், ஸ்கேன் செய்வார். மூன்று வேலை தெரிந்தவர் வெறும் 4,200 ரூபாய்க்கா என்று பக்கத்து வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். சம்பந்தி வீட்டாரின் சாமர்த்தியம் எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் புரிந்தது. மாப்பிள்ளை மலிவு, சீர்தான் விலை.

கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நாலு கார்ட்ரிட்ஜ். ஒன்று 500 ரூபாய். உள்ளே இருக்கும் மை ஐந்து மில்லி, குழந்தைக்கு இருமல் மருந்து ஊற்றிக் கொடுக்கும் மூடியில் ஒரு மூடி. ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். லிட்டர் 1 லட்சம் ரூபாய்! அப்புறம் சுத்தமாகத் தூக்கம் போய்விட்டது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தொட்டபோது மாட்டு வண்டி ஓட்டிப் போராடிய ஊர் இது. லட்சத்தைத் தொட்ட திரவத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்லிவைத்த கிழவி இன்று இருந்தால் பழமொழியை வாபஸ் வாங்கியிருப்பாள். சுமைகாரன் சுண்டைக்காயையாவது வீடு சேர்த்தான்.

மாப்பிள்ளையின் முறுக்கு தனி. கறுப்பில் ஒரு விடுப்புக் கடிதம் அடிக்கச் சொன்னால், மஞ்சள் தீர்ந்துவிட்டது என்று படுத்துக்கொள்வார். கடிதத்தில் ஏதய்யா மஞ்சள்? கேட்கக் கூடாது. சில கம்பெனி மாப்பிள்ளைகள் மை இல்லையென்றால் ஸ்கேன் செய்யக்கூட மறுப்பார்கள். ஸ்கேன் என்பது கண்ணால் பார்க்கிற வேலை. அதற்கு மை எதற்கு என்று அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். சாப்பாட்டில் அப்பளம் இல்லை என்பதற்காகப் பேப்பர் படிக்க மறுக்கும் மாப்பிள்ளையை நம் ஊரிலேயே நான் பார்த்ததில்லை.

சென்ற மாதம் ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. நம் அலுவலகங்கள் டிஜிட்டல் ஆகிவிட்டன அல்லவா? ஆகவே விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பி, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, மறுபடி ஆன்லைனில் ஏற்றி, அதையும் அச்செடுத்து நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். காகிதமில்லா நிர்வாகம் என்றால் காகிதம் அவர்களுடையதில்லை என்று அர்த்தம். மாப்பிள்ளையை எழுப்பினேன். இரண்டு விளக்குகள் மாறி மாறிக் கண் சிமிட்டின. 'உள் பாகம் ஒன்றின் ஆயுள் முடிந்தது. சேவை மையத்தை அணுகவும்' என்றது கணினித் திரை.

அணுகினேன். போனை எடுத்த பெண் மாடல் எண்ணைக் கேட்டதும், துக்கம் விசாரிக்கிற குரலுக்கு இறங்கினார். "சார், அது ரொம்பப் பழைய மாடல். ஸ்பேர் வர்றதில்ல. சரி பண்ற காசுக்குப் புதுசே வாங்கிடலாம் சார்." எந்தப் பாகம், ஏன் போனது, எவ்வளவு ஆகும் என்ற மூன்று கேள்விக்கும் அதே ஒரு பதில்.

ஷோரூமுக்குப் போனேன். கழுத்துப் பட்டியும் புன்னகையுமாக ஒரு தம்பி புது மாப்பிள்ளையைக் காட்டினார். பெட்டியோடு வரும் கார்ட்ரிட்ஜில் மை முழுசாக இருக்காது, அது 'ஆரம்ப' கார்ட்ரிட்ஜ். இன்டர்நெட் வேண்டும். கம்பெனியில் கணக்குத் திறக்க வேண்டும். இஷ்டப்பட்டால் மாதச் சந்தாவும் கட்டலாமாம், வெளிநாட்டில் அதுதான் இப்போது ஃபேஷனாம். சந்தாவை நிறுத்தினால் உள்ளே மீதியிருக்கும் மை என்ன ஆகும் என்று கேட்டேன். "அந்த கார்ட்ரிட்ஜ் வேலை செய்யாது சார்" என்றார், மழை பெய்தால் நனைவோம் என்கிற இயல்போடு.

கிரைண்டர் வாங்குகிறோம். கல்லில் எந்தக் கடை அரிசியைப் போட்டாலும் அரைக்கிறது. 'இது எங்கள் அரிசி இல்லை' என்று அது நின்றால் அதே கல்லைத் தூக்கிக் கடைக்காரர் தலையில் போட்டிருப்போம். பிரிண்டர் நின்றால் மட்டும், நமக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியவில்லை போலிருக்கிறது என்று வெட்கப்படுகிறோம்.

மறுநாள் மாப்பிள்ளையைப் பழைய வேட்டியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிச் சென்னை ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனேன். மாடிப்படிக்குக் கீழே நாலடிக்கு நாலடி கடை. முப்பது வயதுத் தம்பி, விரல் நகமெல்லாம் நாலு நிறம். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஐந்து நிமிடத்தில் மாப்பிள்ளை அம்மணம்.

"ஹெட்ல அடைப்பு இருக்கு சார், அது பெரிய விஷயம் இல்ல." ஹெட்டின் அடியில் இருக்கும் துளைகள் தலைமுடியைவிட மெலிசு. மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஊசியில்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை ஏற்றி, ஒரு சின்ன ரப்பர் குழாயை மாட்டி, மிக மெதுவாக அழுத்தினார். கீழே வைத்திருந்த டிஷ்யூ பேப்பரில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு கறுப்பு கசிந்தது, பிறகு நீலம், கடைசியில் பிடிவாதமாக மஞ்சள். "வாரத்துக்கு ஒரு பக்கமாச்சும் கலர்ல அடிங்க. சும்மா வச்சாத்தான் சார் கெட்டுப்போகும்."

"அப்போ ஆயுள் முடிஞ்சதுன்னு சொன்னது எதை?"

பிரிண்டரைக் கவிழ்த்தார். அடித்தட்டைக் கழற்றினார். உள்ளே பஞ்சு. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய தடித்த பஞ்சுப் பட்டை, இப்போது அமாவாசை நிறத்தில் மினுமினுத்தது. "இதுதான் சார் நீங்க வாங்குன மை."

மாப்பிள்ளை காலையில் கண் விழித்ததும் வாய் கொப்பளிப்பார். ஹெட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு மிடறு மையை உறிஞ்சித் துப்புவார். புது கார்ட்ரிட்ஜ் மாட்டினால் ஒரு துப்பு. எழுத்து மங்கல் என்று நாம் 'க்ளீனிங்' பொத்தானை அழுத்தினால் பெரிய துப்பு. லிட்டர் லட்ச ரூபாய் மையில் இத்தனை வருஷம் வாய் கொப்பளித்திருக்கிறார். துப்பியதெல்லாம் இந்தப் பஞ்சில்.

இதைவிடக் கொடுமை அடுத்தது. பஞ்சு நிரம்பிவிட்டது என்று பிரிண்டருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. பஞ்சை அது தொட்டும் பார்ப்பதில்லை. எத்தனை துப்பு என்று ஒரு எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே வருகிறது. கம்பெனி எழுதிவைத்த எண்ணிக்கை வந்ததும் வேலைநிறுத்தம். பஞ்சு வழிந்தால் மேசை பாழாகும், அதனால் ஒரு எல்லை வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஞ்சை மாற்றிவிட்டு எண்ணைப் பூஜ்யமாக்கும் வழியை, காசு கொடுத்து வாங்கினவனுக்கு ஏன் சொல்லவில்லை? தம்பி ஒரு லேப்டாப்பை இணைத்தார், ஒரு மென்பொருளைத் திறந்தார், ஒரு சாவி எண்ணைத் தட்டினார். எண்ணிக்கை பூஜ்யம். புதுப் பஞ்சு, ஹெட் க்ளீனிங், ரீசெட், எல்லாம் சேர்த்து 650 ரூபாய். செத்துவிட்டார் என்று சேவை மையம் இரங்கல் தெரிவித்த மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து ஒரு பக்கம் அடித்தார்.

என் வீட்டுச் சங்கதி போகட்டும். உலகத்துச் சங்கதி இன்னும் நாறுகிறது. 2016 செப்டம்பர் 13-ஆம் தேதி ஹெச்பியின் ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் பல, முதல் நாள்வரை ஏற்றுக்கொண்ட வெளிக் கம்பெனி கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் நிராகரித்தன. மென்பொருளில் முன்கூட்டியே நாள் குறித்து வைத்திருந்தார்கள். இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'டைனமிக் செக்யூரிட்டி'. பாதுகாப்பாம்! யாருடைய பாதுகாப்பு என்று மட்டும் கேட்காதீர்கள். கூச்சல் எழுந்ததும், சரியாகச் சொல்லாமல் விட்டதற்கு வருந்தினார்கள், செய்ததற்கு அல்ல. 2020-ல் இத்தாலியின் போட்டி ஆணையம் இந்த விவகாரங்களுக்காக ஹெச்பிக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது.

அபராதம் கட்டியவர்களுக்கு நாணமாவது வந்ததா? 2024 ஜனவரியில் அந்தக் கம்பெனியின் அன்றைய தலைமை அதிகாரி என்ரிக் லோரஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் மனம் திறந்தார். வாடிக்கையாளர் பிரிண்டர் வாங்கும்போது கம்பெனிதான் அவர்மீது முதலீடு செய்கிறதாம். அவர் போதிய அளவு அச்சடிக்காவிட்டாலோ கம்பெனி மையை வாங்காவிட்டாலோ அது மோசமான முதலீடாம். காசு கொடுத்தவன் நான். முதலீடு செய்தவர் அவர்! நான் வாடிக்கையாளன் இல்லை, கறவை மாடு. தீவனம் போட்டிருக்கிறார், பால் வரவில்லை என்று வருத்தப்படுகிறார். கார்ட்ரிட்ஜ் வழியாக வைரஸ் ஏற்ற முடியும் என்றும் அதே பேட்டியில் பூச்சாண்டி காட்டினார். மைப்புட்டிக்குள் சிப்பைக் கொண்டுபோய் வைத்தவர்கள் யாரோ?

அந்தச் சிப்பின் அவசியத்தையும் பார்த்துவிட்டோம். 2022 தொடக்கத்தில் உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு. கேனான் தன் டோனர்களைச் சிப் இல்லாமலே அனுப்ப வேண்டிவந்தது. கேனான் பிரிண்டர்களே அவற்றைச் சந்தேகப்பட்டு எச்சரித்தன. உடனே ஐரோப்பாவில் கேனானே வாடிக்கையாளர்களுக்கு வழி சொல்லிக் கொடுத்தது: எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாதீர்கள், இந்தப் பொத்தானை அழுத்தித் தாண்டிப் போங்கள், அச்சின் தரத்துக்கு ஒரு குறையும் வராது. மற்றவன் சொன்னால் போலி, மாப்பிள்ளையின் அப்பா சொன்னால் டிப்ஸ்.

சரி, நம் அரசாங்கம்? 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதே வருஷம் டிசம்பரில் ஒரு வலைவாசல் திறந்தது. குழு வந்தது, வாசல் வந்தது. சட்டம் மட்டும் இன்னும் உள்ளே வரக் காணோம். பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதை 2015-லேயே குற்றமாக்கிய பிரான்ஸ், 2 வருஷம் சிறை, 3 லட்சம் யூரோ அபராதம் என்று எழுதிவைத்தது. நம்மிடம் மின்கழிவு விதிகள் உண்டு. தூக்கிப்போட்ட பிரிண்டரை எப்படிச் சேகரிக்க வேண்டும், யார் பொறுப்பு, எல்லாம் விவரமாக இருக்கிறது. அதாவது பிணத்தை அடக்கம் செய்ய விதி உண்டு. உயிரோடிருப்பவனுக்கு வைத்தியம் பார்க்க வழியைச் சொல் என்று கம்பெனியைக் கேட்க விதி இல்லை. வைத்தியம் பார்க்கிற ரிச்சி தெருத் தம்பிதான் இந்த நாட்டில் 'அங்கீகரிக்கப்படாதவர்'.

பிரிண்டர் கோபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர், அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும் ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரோடு மல்லுக்கட்டினார். சிக்கினால் எல்லோருக்கும் செய்தி போகும்படி மென்பொருளைத் திருத்த நினைத்தார். மூல நிரலைக் கேட்டார், தர மறுத்தார்கள். அந்த எரிச்சலும் சேர்ந்துதான் 1983-ல் குனு திட்டமாக, கட்டற்ற மென்பொருள் இயக்கமாக வளர்ந்தது. அவருக்குக் கோபம் காகிதம் சிக்கியதால் இல்லை. கண்ணெதிரே நிற்கும் இயந்திரம் எங்கேயோ இருக்கும் ஒருவன் பேச்சைக் கேட்கிறதே என்பதால். எனக்கும் அதுதான். விலை அதிகம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிடலாம். கொடுத்த பிறகும் அது என்னுடையதாக இல்லையே! என் வீட்டு மின்சாரத்தில், என் மேசையில், என் காகிதத்தைத் தின்றுகொண்டு, இன்னும் அப்பா வீட்டுக்கே விசுவாசமாக இருக்கிறது. இதில் பழசைச் சரிசெய்வதா, புதுசு வாங்குவதா என்று நம்மைப் பட்டிமன்றம் நடத்தவிட்டிருக்கிறார்கள். தீர்ப்பை எழுதி எண்ணாக உள்ளே வைத்துப் பூட்டியபின் என்ன பட்டிமன்றம்?

கிளம்பும்போது பழைய பஞ்சைக் குப்பையில் போடப் போனார் தம்பி. தடுத்து, கேரி பேக்கில் கட்டி வாங்கிக்கொண்டேன். வீட்டில் கையுறை மாட்டிப் பிழிந்தேன். கால் டம்ளர் தேறியது. நாலு நிறமும் கலந்து, கறுப்பும் இல்லாத கத்தரிக்காயும் இல்லாத ஒரு நிறம். அப்பாவின் பழைய மேஜைப் பெட்டியில் நிப் வைத்த தொட்டெழுதும் கட்டைப் பேனா ஒன்று கிடந்தது. அதைத் தொட்டுத் தொட்டுத்தான் இதை எழுதினேன். இடையில் நாலைந்து பிழை. சம்பந்தி வீட்டைப் பற்றி மரியாதை தாண்டிய வார்த்தைகளும் இரண்டு விழுந்துவிட்டன. அடித்துத் திருத்தியிருக்கலாம். லிட்டர் லட்ச ரூபாய் மை, மனசு வரவில்லை.